எஞ்சின் சொல்லும் அறிகுறிகள்: இழுக்காத, நடுங்கும், புகைக்கும் காரில் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

எஞ்சினின் சக்தி குறைவதும் ஆயுள் குறைவதும் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து வருபவை. கசியும் கூலன்ட், தேய்ந்த பிளக், வெடித்த ரப்பர் குழாய், கெட்டியாகிப்போன ஆயில் என்று ஏதோ ஒன்று முதலில் பிக்கப்பைத் தின்னும். கவனிக்காமல் விட்டால் எஞ்சினையே தின்னும். எனவே வண்டியின் சக்தியைக் கூட்ட நினைப்பவர் முதலில் அது எங்கே வீணாகிறது என்று பார்ப்பதுதான் முறை.

பணிமனையில் "வண்டி இழுக்கவில்லை" என்று மட்டும் சொன்னால் ஊகத்தில் வேலை தொடங்கும். முதலில் பிளக்கை மாற்றுவார்கள், அடுத்து ஃபில்டரை, அதன் பிறகு ஏதாவது ஒரு சென்சாரை. கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். போவதற்கு முன் நான்கு கேள்விகளுக்கு விடை குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, சூடான பிறகா? நிற்கும்போதா, ஏற்றத்தில் பாரம் ஏறும்போதா? ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா? ஒரே நாளில் வந்ததா, மெல்ல மெல்ல வளர்ந்ததா? சந்தேகப்பட வேண்டிய பாகங்களில் பாதியை இந்த நான்கு விடைகளே விலக்கிவிடும். கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியிலும் இதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

உடனே ஓரங்கட்ட வேண்டியவை

ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் பாதுகாப்பாக ஒதுங்கி எஞ்சினை அணைத்துவிடுங்கள். அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. அந்த விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. அழுத்தம் போய்விட்டால் எஞ்சினின் சுழலும் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் ஆயில் படலமும் போய்விட்டது. உலோகம் உலோகத்தோடு உரசுகிறது. சில நிமிட ஓட்டம் பேரிங்குகளை முடித்துவிடும். டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் குறைவாக இருந்தால் ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். சில நொடிகளில் விளக்கு அணைய வேண்டும். அளவு சரியாக இருந்தும் அணையவில்லை என்றால் வண்டியை இழுவை வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும். சென்சாரே கெட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு, ஆனால் அதை மெக்கானிக் பொருத்தும் அழுத்தமானி சொல்லட்டும்.

வெப்பநிலை முள் சிவப்பைத் தொட்டால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் அதன் காற்றை முழு வேகத்திலும் வைத்து ஓரங்கட்டுங்கள். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான். எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியேற்றும். ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் கூலன்ட் மூடி திறந்த கணமே கொதித்து முகத்தில் பீய்ச்சும்.

செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் அவகாசம் இருக்கிறது. விட்டுவிட்டு மினுக்கினால் இல்லை. சிலிண்டரில் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்பதற்கான எச்சரிக்கை அது. தொடர்ந்து ஓட்டினால் உள்ளே இருக்கும் பீங்கான் சல்லடை உருகிவிடும். பிளக் விலையில் முடிய வேண்டிய வேலை கன்வெர்ட்டர் விலைக்கு ஏறுவது இப்படித்தான்.

பிக்கப் குறைந்துவிட்டது

முதலில் எஞ்சின்தான் காரணமா என்று பாருங்கள். உயர் கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது எஞ்சின் சுழற்சி ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியபின் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்தபடியே இருக்கிறது. டயரில் காற்று குறைவாக இருந்தாலும் வண்டி கனத்துப்போனதாகத் தோன்றும். இவை மூன்றும் சரி என்றால் மட்டும் பானட்டைத் திறக்கலாம்.

ஏர் ஃபில்டரைப் பற்றி ஒரு பழைய நம்பிக்கை உண்டு: அடைத்துக்கொண்டால் மைலேஜ் விழும் என்பது. கார்புரேட்டர் காலத்தில் அது உண்மை. இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சின் உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்ற பெட்ரோலையே தெளிப்பதால் மைலேஜ் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அடி வாங்குவது வேகமெடுக்கும் திறன். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட சோதனையிலும் இதுதான் தெரிந்தது. ஃபில்டர் கறுத்திருந்தால் மாற்றுங்கள், ஆனால் மைலேஜ் கூடும் என்று காத்திருக்க வேண்டாம். ஃபில்டர் சரியாக உட்காராமல் ஓரத்தில் இடைவெளி இருப்பது அழுக்கு ஃபில்டரைவிடக் கெடுதல். அந்த வழியாக நுழையும் தூசி சிலிண்டர் சுவரையும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகளையும் அரைத்துவிடும்.

மெதுவாகப் போகும்போது நன்றாக இருந்து, ஏற்றத்திலும் உயர் சுழற்சியிலும் மட்டும் மூச்சு வாங்கினால் இரண்டு சந்தேகங்கள்: எரிபொருள் போதவில்லை, அல்லது புகை வெளியேற முடியவில்லை. முதலாவதற்கு எரிபொருள் ஃபில்டரும் பம்பும் காரணம், இரண்டாவதற்கு அடைத்துக்கொண்ட கன்வெர்ட்டர். பிரித்தறிய, காரின் கணினியோடு இணைத்து அதன் எண்களையும் கோளாறுக் குறியீடுகளையும் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் போதும். விலை குறைந்த புளூடூத் வகையே இதற்குச் சரியாக வரும். அதில் ஃப்யூவல் டிரிம் என்ற எண்ணைப் பாருங்கள். கணித்த அளவைவிட எத்தனை விழுக்காடு கூடுதலாகவோ குறைவாகவோ பெட்ரோல் தர வேண்டியிருக்கிறது என்று எஞ்சினின் கணினி வைத்திருக்கும் கணக்கு அது. பூஜ்யத்திலிருந்து 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை.

இந்த எண்ணை இரண்டு நிலைகளில் படிக்க வேண்டும். ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது, 20 விழுக்காட்டைத் தாண்டி, நிமிடத்துக்கு 2,500 சுழற்சியில் இயல்புக்கு வந்துவிட்டால் அளக்கப்படாத காற்று எங்கோ உள்ளே கசிகிறது. அதாவது வாக்குவம் கசிவு. ஐடிலிங்கில் இயல்பாக இருந்து பாரம் ஏற ஏற எண்ணும் ஏறினால் எரிபொருள் பற்றாக்குறை, அல்லது காற்றை அளக்கும் எம்.ஏ.எஃப் சென்சாரில் அழுக்கு. சென்சாருக்கென்றே உள்ள ஸ்பிரேயால் அதைச் சுத்தம் செய்யலாம். கம்பியை விரலால் தொடாதீர்கள், துணியாலும் துடைக்காதீர்கள். டிரிம் எல்லா நிலைகளிலும் சரியாக இருந்தும் சக்தி இல்லை என்றால் கன்வெர்ட்டரைச் சந்தேகிக்கலாம். அதற்கு முன்னே உள்ள ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தினால் அடைப்பு தெரிந்துவிடும்.

டர்போ வண்டியில் சக்தி ஒரே நாளில் போய், மிதிக்கும்போது 'உஸ்' என்ற சத்தம் வந்தால் டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய் கிழிந்திருக்கிறது அல்லது கிளிப் கழன்றிருக்கிறது. டர்போவே போய்விட்டது என்று யாராவது முடிவு சொல்வதற்கு முன் அந்தக் குழாய்களைக் கையால் தடவிப் பாருங்கள். கசியும் இடத்தில் ஆயில் பிசுக்கு படிந்திருக்கும்.

பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் எஞ்சின்களுக்கென்றே ஒரு நோய் உண்டு. பழைய முறையில் பெட்ரோல் இன்டேக் வால்வின் மேல் விழுந்து அதைக் கழுவிக்கொண்டே இருந்தது. நேரடித் தெளிப்பில் வால்வைப் பெட்ரோல் தொடுவதே இல்லை. எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேசிலிருந்து வரும் ஆயில் ஆவி மட்டும் படிந்து கருகிக் கரியாகிறது. பல பத்தாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு குளிர் ஸ்டார்ட்டில் நடுக்கம், பிறகு மெல்லச் சக்தி இழப்பு. டாங்கில் ஊற்றும் எந்தத் திரவமும் இந்தக் கரியைத் தொடாது, ஏனென்றால் டாங்கில் இருப்பது அந்த வால்வுக்கே போவதில்லை. காற்றை உள்ளே கொண்டுவரும் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் வீசிச் சுத்தம் செய்வதுதான் உறுதியான வழி. பழைய வகை இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு, எந்தக் குறையும் இல்லாதபோது, சர்வீஸ் ரசீதில் ஒரு வரியாக வரும் 'டிகார்பனைசிங்' என்ற கரி நீக்கும் வேலையை நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

ஐடிலிங்கில் நடுக்கம், மிஸ்ஃபயர்

நிற்கும்போது மட்டும் சுழற்சி ஏறி இறங்கினால் காற்று நுழையும் வாயிலான திராட்டில் பாடியில் கரி அல்லது வாக்குவம் கசிவு. பாரத்தில் உதறினால் பற்றவைப்பு, அதாவது பிளக் அல்லது அதற்கு மின்சாரம் தரும் காயில். ஸ்கேனரில் பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது கலவை சரியாக எரியவில்லை; பி0303 என்றால் மூன்றாவது. பி0300 குறிப்பிட்ட ஒரு சிலிண்டரைக் காட்டாது. அதைக் கண்டால் எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான காரணத்தைத் தேடுங்கள்: எரிபொருள் அழுத்தம், வாக்குவம்.

ஒரு சிலிண்டர் மட்டும் என்றால் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. அந்தச் சிலிண்டரின் காயிலை வேறொன்றோடு இடம் மாற்றுங்கள். கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறினால் காயில்தான். மாறவில்லை என்றால் பிளக்கை இடம் மாற்றிப் பாருங்கள். அதற்கும் மாறவில்லை என்றால் இன்ஜெக்டர், அதற்கடுத்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்.

கழற்றிய பிளக்கைத் தூக்கி எறிவதற்கு முன் வெளிச்சத்தில் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் ஆரோக்கியம். உலர்ந்த கரி பெட்ரோல் அதிகம் என்கிறது. ஆயில் ஈரம் ரிங் அல்லது வால்வு சீலைக் காட்டுகிறது. வெளுத்துக் கொப்பளித்திருந்தால் அந்தச் சிலிண்டர் மிகச் சூடாக ஓடுகிறது. நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருப்பதுதான் மிகப் பயனுள்ள செய்தி.

புகை

கறுப்புப் புகை: காற்றுக்குத் தேவையானதைவிட எரிபொருள் அதிகம். பெட்ரோல் முழுதாக எரிய எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். கசியும் இன்ஜெக்டர், எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று பொய் சொல்லும் வெப்ப சென்சார் ஆகியவை இந்தக் கணக்கைக் கெடுப்பவை.

வெள்ளைப் புகை குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வந்து மறைந்தால் அது வெறும் நீராவி. எஞ்சின் சூடான பிறகும் அடர்த்தியாக, லேசான இனிப்பு வாசனையோடு தொடர்ந்தால் சிலிண்டருக்குள் கூலன்ட் போகிறது. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. இங்கேதான் 'எப்போது' என்ற கேள்வி பெரும் செலவைத் தடுக்கும். இரவு முழுதும் நின்ற வண்டியில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு பஃப் வந்து நின்றுபோனால் வால்வு சீல். நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கி, மீண்டும் மிதித்த உடன் பின்னால் வருபவர் மறையும் அளவுக்குப் புகைந்தால் அதுவும் வால்வு சீல் அல்லது வால்வின் தண்டு நகரும் கைடு. பாரத்தில் மிதிக்க மிதிக்கக் கூடினால் பிஸ்டன் ரிங். வால்வு சீலைப் பல எஞ்சின்களில் ஹெட்டைக் கழற்றாமலே மாற்ற முடியும்; ரிங் என்றால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும். இரண்டுக்கும் முன்னால், கிராங்க்கேசின் ஆவியை மீண்டும் இன்டேக்குக்கு அனுப்பும் பி.சி.வி வால்வைப் பாருங்கள். அது சிக்கிக்கொண்டாலும் எஞ்சின் ஆயிலை உறிஞ்சி எரிக்கும், நீலமாகவே புகைக்கும். மலிவான பாகம் என்பதால் பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆயில் குறைகிறது, அல்லது கூடுகிறது

ஆரோக்கியமான எஞ்சினும் கொஞ்சம் ஆயில் குடிக்கும். 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை இயல்பு என்று கையேட்டிலேயே எழுதும் தயாரிப்பாளர்கள் உண்டு. அது தாராளமான எல்லை. உங்கள் வண்டி எவ்வளவு குடிக்கிறது என்பதைவிட, போன ஆண்டைவிட இப்போது அதிகமாகக் குடிக்கிறதா என்பது முக்கியம். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து அளந்து எழுதி வையுங்கள்.

அளவு கூடுவது பலரையும் ஏமாற்றும். நல்ல செய்தி என்று நினைத்துவிடுவார்கள். எரிபொருளோ கூலன்ட்டோ ஆயிலில் கலக்கிறது என்பதே அதன் பொருள். டீசல் வண்டிகளில் டி.பி.எஃப் என்ற புகைச் சல்லடை சுமார் 600 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகித் தன் கரியை எரிக்க வேண்டும். பல எஞ்சின்கள் அந்தச் சூட்டைப் பெறச் சிலிண்டருக்குள் கூடுதல் டீசலைத் தெளிக்கின்றன. தினமும் குறுந்தூரம் மட்டும் ஓடும் வண்டியில் இந்த எரிப்பு பாதியில் நின்று, எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலுக்குள் இறங்கும். டிப் ஸ்டிக்கில் டீசல் வாடை வந்தால் ஆயிலை மாற்றுங்கள். பிறகு வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் நிற்காமல் அரை மணி நேரம் ஓட்டுங்கள். இந்த ஓட்டுமுறை ஒத்துவராதவர்களுக்கு டீசல் வண்டியே பொருத்தமில்லை.

ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் நுரை படிந்திருந்தால் உடனே ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். குறுந்தூர ஓட்டத்தில் ஆவியாகாத ஈரமும் அப்படிப் படியும். டிப் ஸ்டிக்கிலும் அதே நுரை, கூடவே கூலன்ட் குறைவு என்றால்தான் கேஸ்கெட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

குறுந்தூர ஓட்டம், நெரிசல், தூசி, பாரம் இழுப்பது போன்றவற்றைக் கையேடு 'கடின உபயோகம்' என்று வகைப்படுத்தி, ஆயில் மாற்ற வேண்டிய இடைவெளியைக் குறைத்துச் சொல்லும். நம்மில் பெரும்பாலோர் அந்த வகைதான். அட்டவணையில் பார்ப்பதோ மற்ற வரியை. ஆயிலின் தடிப்பை விருப்பம்போல் கூட்டுவதும் பழைய பழக்கம். கையேட்டில் 0டபிள்யூ-20 என்ற தடிப்புக் குறி எழுதிய எஞ்சினின் இடைவெளிகளும் பம்பும் அந்த ஆயிலுக்காக அமைந்தவை. சிறிய டர்போ, நேரடித் தெளிப்பு எஞ்சின்களுக்குத் தரக்குறியும் முக்கியம். குறைந்த சுழற்சியில் அதிக பாரம் கொடுக்கும்போது பிளக் பொறிவதற்கு முன்பே கலவை தானாக எரிந்து பிஸ்டனை உடைக்கும் கோளாறு இவற்றில் வரும். 2020இல் வந்த ஏ.பி.ஐ எஸ்.பி என்ற ஆயில் தரம் இதைத் தடுப்பதற்கான சோதனையையும் உள்ளடக்கியது. இத்தகைய வண்டியை மேல் கியரில் மிகக் குறைந்த சுழற்சியில் திணறவிடாமல் ஒரு கியர் இறக்கி ஓட்டுங்கள்.

சூடு ஏறுகிறது, சூடே ஏறவில்லை

நெரிசலில் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன் அல்லது அதன் ரிலே. வேகமாக ஓடும்போது ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, தேய்ந்த வாட்டர் பம்ப், குறைந்த கூலன்ட் ஆகியவற்றில் ஒன்று. ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே முள் விறுவிறுவென ஏறி, ரேடியேட்டரின் மேல் குழாய் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கிறது. கசிவு எதுவும் கண்ணில் படாமல் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் ரேடியேட்டர் மூடியையும் சோதியுங்கள். அது பிடித்து வைக்கும் அழுத்தம்தான் கொதிநிலையை உயர்த்துகிறது. தளர்ந்த மூடி கூலன்ட்டை ஆவியாக விட்டுவிடும். கூலன்ட்டை நிறம் பார்த்து ஊற்றாதீர்கள். நிறத்துக்குப் பொதுத் தரம் கிடையாது. கையேட்டில் உள்ள தரக்குறியை டப்பாவில் தேடுங்கள்.

முள் பாதிக்கு வராமலே கிடப்பதை யாரும் புகாராகச் சொல்வதில்லை. தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கும். ஸ்கேனரில் பி0128 வரலாம். குளிர்ந்த எஞ்சினுக்குக் கணினி கூடுதல் பெட்ரோல் தரும், அது சுவரில் உள்ள ஆயிலைக் கழுவும், ஆயிலில் ஈரம் தங்கும். அதிக மைலேஜ் இழப்பும் அதிகத் தேய்மானமும் சேர்ந்து வரும் கோளாறு இது. காலையில் நின்ற இடத்திலேயே நெடுநேரம் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்குவதும் இதே தீங்கைத்தான் செய்கிறது. ஸ்டார்ட் செய்து அரை நிமிடத்தில் கிளம்பி, முள் ஏறும்வரை மென்மையாக ஓட்டினால் போதும்.

சத்தங்கள்

குளிர் ஸ்டார்ட்டில் மேலிருந்து 'டிக் டிக்' என்று வந்து சில நொடிகளில் அடங்கினால் வால்வை இயக்கும் டப்பெட்டுக்கு ஆயில் ஏறும்வரை வரும் சத்தம். ஆயில் அளவைப் பாருங்கள், பெரும்பாலும் வேறு பயமில்லை. அதே நேரத்தில் முன்பக்கத்திலிருந்து சங்கிலி உலுக்குவதுபோல் வந்தால், வால்வுகளைக் கிராங்க் ஷாஃப்டோடு ஒத்திசைக்கும் டைமிங் செயினை இறுக்கும் டென்ஷனர். இதைத் தள்ளிப்போடக் கூடாது. செயினுக்குப் பதில் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினிலோ அது எந்தச் சத்தமும் இல்லாமலே அறுந்துவிடும், பல எஞ்சின்களில் அப்போது பிஸ்டன் வால்வை இடித்து வளைக்கும். ஆகவே பெல்ட்டுக்கு அறிகுறி பார்த்துக் காத்திருப்பது தவறு. கையேடு சொல்லும் கிலோமீட்டர், ஆண்டு இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும்.

ஏற்றத்தில் மிதிக்கும்போது மட்டும் கோலி உருட்டுவதுபோல் கேட்பது நாக்கிங்: குறைந்த ஆக்டேன் பெட்ரோல், அதிகச் சூடு, அல்லது சிலிண்டரில் கரி. கீழிருந்து கனமாக 'டக் டக்' என்று, சுழற்சியோடும் பாரத்தோடும் வளர்வது, பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங். ஒவ்வொரு சிலிண்டரின் காயில் இணைப்பையும் மெக்கானிக் ஒரு நொடி துண்டித்துப் பார்ப்பார். எதைத் துண்டிக்கும்போது சத்தம் தணிகிறதோ அங்கேதான் பேரிங் போயிருக்கிறது. தடித்த ஆயில் ஊற்றி இந்தச் சத்தத்தை மறைத்து விற்கப்படும் வண்டிகள் உண்டு. பழைய கார் வாங்கப் போகிறவர் எஞ்சின் முழுதும் குளிர்ந்திருக்கும்போதும், நன்றாகச் சூடான பிறகும் கேட்க வேண்டும்.

எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்

மேலே எந்த வழியில் போனாலும் சில வேளை "எஞ்சின் இறக்க வேண்டும்" என்ற இடத்தில் வந்து நிற்கும். அதற்குச் சம்மதிக்கும் முன் கம்ப்ரஷன் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். எஞ்சின் சூடாக, எல்லாப் பிளக்குகளும் கழற்றப்பட்டு, எரிபொருளும் பற்றவைப்பும் துண்டிக்கப்பட்டு, திராட்டில் முழுதும் திறந்திருக்க வேண்டும். பேட்டரியும் தளர்ந்திருக்கக் கூடாது. இருக்க வேண்டிய அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், ஆனால் ஒரே எஞ்சினின் சிலிண்டர்களுக்கிடையே 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.

இன்னும் உறுதி வேண்டுமானால் லீக் டவுன் சோதனை. பிஸ்டனை மேலே நிறுத்தி, பிளக் துளை வழியே காற்றழுத்தம் செலுத்தி, காற்று எங்கே தப்புகிறது என்று கேட்பார்கள். திராட்டில் வழியே சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சர் வழியே வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி கிளம்பினால் கேஸ்கெட். இம்மூன்றுக்கும் ஹெட்டை மட்டும் கழற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். ஆயில் மூடியைத் திறந்தபோது அங்கே சீறினால் ரிங். முழு எஞ்சினையும் பிரிப்பதற்கான சம்மதத்தை அப்போது கொடுங்கள்.